இறால் ஓட்டுக் கணக்கு

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. முகூர்த்த நாள் இல்லை. ஆனாலும் மண்டபம் நிரம்பி வழிகிறது. எல்லாம் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள். பாதிப் பேர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக வந்தவர்கள். கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.

மேடையில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர். வெளியே கொளுத்துகிற வெயிலில் கோட்டு எதற்கு என்று கேட்கக் கூடாது. அவர் 'டைமண்ட்' ஆகிவிட்டாராம். டைமண்ட்கள் கோட்டு போடுவார்கள்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறார். அதில் சமையல் எண்ணெய். கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிகிறார். சட்டைப் பையிலிருந்து இரண்டு கேப்சூலை எடுத்து, பிரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கலக்குகிறார். மிதந்துகொண்டிருந்த எண்ணெய் பொடியோடு சேர்ந்து கட்டி கட்டியாகத் திரள்கிறது. டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறார்.

"இதாங்க உங்க வயிறு! நீங்க சாப்புடுற பரோட்டா, பிரியாணி, பஜ்ஜி எல்லாத்துல இருக்கிற கொழுப்பையும் இது காந்தம் மாதிரி இழுத்துப் புடிச்சிக்கும். காலையில அப்படியே வெளியே போயிடும். உடம்பு இளைக்கும். கொலஸ்ட்ரால் ஓடும். சுகரே கன்ட்ரோலுக்கு வரும்!"

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அழைத்துப் போனது ஒரு பெண். செய்யாறு பக்கத்துக் கிராமம். இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். சம்பளம் 15,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் வருவது 13,000 சொச்சம். அம்மாவின் கம்மலை அடகு வைத்து 9,000 ரூபாய்க்கு 'கிட்' வாங்கி இதில் சேர்ந்திருக்கிறாள். தனக்குக் கீழே ரூம்மேட்கள் இரண்டு பேரைச் சேர்த்தும் விட்டாள்.

"நாலு மாசமா சாப்புடுறேன் சார். ஒரு கிலோகூட குறையல. அப்லைன் அண்ணாகிட்ட கேட்டா, உனக்கு நம்பிக்கை பத்தலைங்கிறாரு. நீங்க பேப்பர்ல எழுதுறவரு. இது நெசமா பொய்யான்னு மட்டும் சொல்லுங்க."

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்தவன். உடம்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரியும். இந்த விவகாரத்துக்கு அது போதும் என்பதை அன்று மாலைக்குள் தெரிந்துகொண்டேன்.

*

முதலில், அந்தப் பொடி என்ன?

கைட்டோசான். பெயர்தான் புதுசு. சரக்கு பழசு. இறால், நண்டு ஓட்டில் கைட்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இறாலை உரித்து ஏற்றுமதி செய்கிற இடங்களில் தலையும் ஓடும் மலை மாதிரி குவியும். அப்படியே விட்டால் நாற்றம் ஊரைத் தூக்கும். அந்த ஓட்டை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு போய்விடும். காரத்தில் போட்டால் புரதம் போய்விடும். மிச்சம் கைட்டின். அதை இன்னும் கடுமையான காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். நம் குடலில் இதைச் செரிக்க வைக்கும் என்சைம் இல்லை. செரிக்காமல் வெளியே போவதால் இதையும் 'நார்ச்சத்து' என்ற கணக்கில் எழுதுகிறார்கள்.

கழிவிலிருந்து காசு பண்ணுவது தப்பில்லை. சாம்பலில் பாத்திரம் தேய்த்த பரம்பரைதானே நாம்! கைட்டோசானும் மோசமான பொருள் இல்லை. அமிலத்தில் கரையும், கரைந்தால் அதற்கு நேர்மின்னூட்டம் வரும், எதிர்மின்னூட்டம் உள்ள கொழுப்பு அமிலங்களோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் டைமண்ட் அண்ணன் எலுமிச்சம்பழம் பிழிந்தார். டம்ளரில் நடந்தது மோசடி இல்லை. நிஜமாகவே ஒட்டுகிறது.

ஆனால் டம்ளர் எப்போது வயிறானது? வயிற்றில் அமிலம், குடலில் காரம், பித்தநீர், கணையநீர், சோறு, குழம்பு, ஓயாத அசைவு. டம்ளரில் ஒட்டியது அங்கேயும் ஒட்டுமா? ஒட்டினால் எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. கொஞ்சம் அருவருப்பான வழி. கேப்சூல் சாப்பிட்டவர்களின் மலத்தை எடுத்து, அதில் எவ்வளவு கொழுப்பு வெளியேறியிருக்கிறது என்று அளக்க வேண்டும்.

அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில், டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில். 2005-ல் வெளியான ஆய்வு. 12 ஆண்கள், 12 பெண்கள். தினம் 10 கேப்சூல், மொத்தம் இரண்டரை கிராம் கைட்டோசான். ஆண்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளியேறிய கொழுப்பு, சராசரியாக நாளைக்கு 1.8 கிராம்.

பெண்களுக்கு?

பூஜ்யம்.

*

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. 1.8 கிராமுக்கு 16 கலோரி. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 5 கிராம், அதாவது 45 கலோரி. ஆக, நாள் முழுக்கக் கேப்சூல் விழுங்கினால் தப்புவது ஒரு டீஸ்பூன் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். பஜ்ஜியைப் பேப்பரில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் இதைவிட அதிகம் போகும்.

ஒரு பவுண்டு உடல் கொழுப்பு, அதாவது 450 கிராம், குறைய 3,500 கலோரி கழிய வேண்டும். 3,500-ஐ 16-ஆல் வகுத்தால் 219 நாள். ஏழு மாதத்துக்கும் மேல். அந்த ஆய்வாளர்களும் இதைத்தான் எழுதினார்கள்.

இனி பாட்டில். 60 கேப்சூல், ஒவ்வொன்றும் 500 மில்லிகிராம், விலை 1,450 ரூபாய். சாப்பாட்டுக்கு இரண்டு வீதம் மூன்று வேளை போட்டால் நாளைக்கு ஆறு, மூன்று கிராம். பாட்டில் பத்தே நாளில் காலி. மாதம் மூன்று பாட்டில், 4,350 ரூபாய். கையில் 13,000 வாங்கும் பெண்ணின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! ஏழு மாதத்துக்கு 30,450 ரூபாய். அரைக் கிலோகூட இல்லாத 450 கிராமுக்கு. அதுவும் ஆணாக இருந்தால். பெண்ணாக இருந்தால் அந்த ஆய்வுப்படி வெளியேறியது பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்காதே என்று எங்கள் கணக்கு வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

மாதம் 4,350 என்றால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது விற்கிறவர்களுக்கும் தெரியும். அதனால் "தினம் ரெண்டு போதும்மா" என்கிறார்கள். பாட்டில் ஒரு மாதம் வரும், செலவு 1,450-ல் முடியும். ஆனால் அளவு ஒரு கிராமாகச் சுருங்கிவிடுகிறது. மேடையில் ஐரோப்பிய அங்கீகாரம் என்று ஒரு காகிதத்தைத் திரையில் காட்டினார்கள் அல்லவா? அது உண்மையான காகிதம்தான். கைட்டோசான் ரத்தத்தில் கொலஸ்ட்ராலை இயல்பான அளவில் வைத்திருக்க உதவும் என்று சொல்லிக்கொள்ள ஐரோப்பிய யூனியன் 2012-ல் அனுமதி கொடுத்தது. அதே காகிதத்தில் அடுத்த வரி உண்டு: தினம் மூன்று கிராம் சாப்பிட்டால்தான். அது மட்டுமில்லை. 2011-ல் இதை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடை குறையும் என்ற வாதத்துக்கு ஆதாரம் போதாது என்று தள்ளுபடி செய்தது. நமக்குக் காட்டுவது பாஸான மார்க் ஷீட். ஃபெயிலான சப்ஜெக்ட் மீது கட்டை விரல்.

ஒரே ஒரு ஆய்வை வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில், ஆக்லாந்தில், 250 பேருக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குத் தினம் மூன்று கிராம் கைட்டோசான், பாதிப் பேருக்கு வெறும் மாவு மாதிரி டம்மி. 2004-ல் முடிவு வந்தது. நிஜ கேப்சூல் சாப்பிட்டவர்கள் 400 கிராம் குறைந்தார்கள். டம்மி சாப்பிட்டவர்கள் 200 கிராம் கூடினார்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் 600 கிராம். 2008-ல் காக்ரேன் அமைப்பு 15 ஆய்வுகளை, 1,219 பேரின் கணக்கை, ஒன்றாகப் போட்டு அலசியது. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் எடைக் குறைவு மிகச் சொற்பம், மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத் தக்கதாக இருக்க வாய்ப்பில்லை என்று எழுதிவிட்டது.

*

இதையெல்லாம் நான் சொன்னபோது அந்த 'அப்லைன் அண்ணா' கோபப்படவில்லை. சிரித்தார். நல்ல பையன்தான். பகலில் டயர் கம்பெனியில் வேலை. அவர் மூன்று பதில் வைத்திருந்தார்.

முதல் பதில்: "சார், நானே நாலு கிலோ குறைஞ்சேன். நான் பொய் சொல்றேனா?"

பொய் சொல்லவில்லை. பாட்டிலோடு ஒரு தாளும் கொடுக்கிறார்கள். அதைப் படித்தேன். எண்ணெய்ப் பலகாரம் கூடாது. ராத்திரி சோறு கூடாது. சர்க்கரை கூடாது. தினம் 45 நிமிஷம் நடக்க வேண்டும். தம்பி, அந்தத் தாள்தான் உன்னைக் குறைத்தது. அதை ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டு ரூபாய். வேலை செய்தது தாள், பெயர் வாங்கியது பாட்டில்.

அமெரிக்காவில் இந்தத் தாளும் இல்லாமல் விற்றுப் பார்த்தார்கள். கைட்டோசான் கலந்த 'ஃபேட் டிராப்பர்' என்று ஒரு சரக்கு. பிடித்ததையெல்லாம் சாப்பிடலாம், எடை குறையும் என்று டி.வி.யில் விளம்பரம். விளம்பரத்தில் வந்தவர் ஒரு பிரபல பேஸ்பால் வீரர். 2000-ல் அந்த நாட்டு வர்த்தகக் கமிஷன் பிடித்தது. விற்ற என்ஃபார்மா கம்பெனி ஒரு கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. கால் நூற்றாண்டு ஆகிறது. அங்கே விலைபோகாத டயலாக் இங்கே ஒரகடத்தில் கைதட்டல் வாங்குகிறது.

இரண்டாவது பதில்: "பாட்டில்ல கவர்மென்ட் நம்பர் இருக்கு சார்."

இருக்கிறது. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண். அது மிக்சர் பாக்கெட்டிலும் இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலிலும் இருக்கிறது. உணவுப் பொருள் தயாரிக்க உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொழுப்பைக் காந்தம் மாதிரி இழுக்கும் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம் இல்லை. அதே லேபிளில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். 2016-ல் வந்த விதிமுறை அப்படி அச்சடிக்கச் சொல்கிறது. மேடையில் சுகர் கன்ட்ரோலுக்கு வரும் என்றவரின் சட்டைப் பையில் இருந்த பாட்டிலே, இது மருந்தில்லை என்று அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பதில்: "கேரளாவுல கவர்மென்ட்டே விக்குது சார்!"

இதுவும் பொய்யில்லை. கேரளத்தின் மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட், கொழுப்பைக் குறைக்கும் என்று 'கைட்டோன்' என்ற பெயரில் கைட்டோசான் கேப்சூல் விற்றிருக்கிறது. மீனவர் கூட்டுறவுக்கு ஓட்டிலிருந்து நாலு காசு வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அரசாங்கம் விற்றால் ஒரு பொருள் வேலை செய்துவிடுமா? நம் அரசாங்கம் டாஸ்மாக்கும்தான் நடத்துகிறது!

*

சாயங்காலம் அந்தப் பெண் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு முக்கோணம்.

"இது என்னன்னு தெரியுமாம்மா?"

"தெரியலையே சார்."

பச்சைப் புள்ளி சைவம். பழுப்பு முக்கோணம் அசைவம். முன்பு பழுப்பிலும் புள்ளிதான் இருந்தது. 2020-ல் வந்த விதிமுறை அதை முக்கோணமாக மாற்றியது.

அவள் முகம் மாறிவிட்டது. "புரட்டாசி பூரா சாப்புட்டேனே சார்! ப்யூர் வெஜ், நேச்சுரல் ஃபைபர்னு சொன்னாங்களே... ரூம்ல ஒரு பொண்ணு முட்டைகூடத் தொட மாட்டா. அவளுக்கும் நான்தான் குடுத்தேன்."

ராமானுஜர் பிறந்த ஊரைச் சுற்றி, புரட்டாசியில் கறிக்கடைகள் காற்று வாங்குகிற பகுதியில், நண்டு ஓட்டைச் சைவம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பெருமாள் மன்னித்துவிடுவார். அவருக்கு மச்ச அவதாரமே உண்டு. எனக்குக் கவலை வேறு. இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், சிலருக்கு மூச்சுத் திணறல். அதனால்தான் ஓடுடைய கடல் உயிர் எதிலிருந்தாவது வந்தது என்றால் லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போட்டிருந்தார்கள், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கைட்டோசானையும் சேர்த்துச் சாப்பிட்டு ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போனதாக மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. மண்டபத்தில் ஒருவரிடமும் 'வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா' என்று கேட்கவில்லை. டவுன்லைன் எத்தனை என்றுதான் கேட்டார்கள்.

*

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் இறால் ஓட்டுக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன்.

கைட்டோசான் நன்றாக வேலை செய்கிற இடம் ஒன்று உண்டு. வயிறு இல்லை, காயம். அதே நேர்மின்னூட்டம் ரத்தச் சிவப்பணுக்களை இழுத்து ஒட்டவைத்துக் காயத்தை அடைக்கிறது. 2002-ல் அமெரிக்க மருந்துத் துறை கைட்டோசான் கட்டுத்துணிக்கு அனுமதி கொடுத்தது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சிப்பாய்களின் காயத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டிலேயே ஆக்சியோ பயோசொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி 'ஆக்சியோஸ்டாட்' என்ற பெயரில் இதைத் தயாரிக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பிரஸ் ஷாப்களும் உதிரிபாகப் பட்டறைகளும் எத்தனை! விரல் இழந்தவர்களை டீக்கடையிலேயே பார்க்கலாம். சின்னப் பட்டறைகள் சிலவற்றில் முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். பஞ்சு, டிங்சர், காலாவதியான களிம்பு. இறால் ஓட்டில் செய்த, ரத்தத்தை நிறுத்துகிற துணி இந்தச் சாலைக்கு வரவில்லை. இறால் ஓட்டில் செய்த, பெண்களுக்குப் பூஜ்யம் காட்டிய கேப்சூல் மட்டும் ஹாஸ்டல் ஹாஸ்டலாக வருகிறது. ஒன்றை முதலாளி வாங்க வேண்டும். இன்னொன்றைத் தொழிலாளியே வாங்கிக்கொள்வார். வித்தியாசம் அவ்வளவுதான்.

*

இத்தனை கணக்குக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம். ஊரில் இருந்தவரை ஒல்லியாக இருந்த பெண், இங்கே வந்து இரண்டு வருஷத்தில் எப்படிப் பதினொரு கிலோ கூடினாள்?

அவளே சொன்னாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிஃப்டில் நடுநிசிக்குச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு. காலையில் ஹாஸ்டலுக்கு வந்தால் ஆறிய பொங்கல். சாப்பிட்டுப் படுத்துவிட வேண்டும். காய் என்பது சாம்பாரில் தேடினால் கிடைக்கும். பாத்ரூம் போக லைன் லீடரிடம் கேட்டு, மாற்று ஆள் வந்து நிற்க வேண்டும் என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் மலச்சிக்கல். அதற்கும் சேர்த்துத்தான் அந்த 'நார்ச்சத்து' கேப்சூல்.

ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு எடை கூடும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சாப்பாட்டு விஷயம் இந்தச் சாலைக்குப் புதிதும் இல்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கியிருந்த ஹாஸ்டலில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தங்குமிடங்களும் சாப்பாட்டு அறைகளும் தரத்துக்குக் கீழே இருப்பதாக ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்க அரசு ஒரு பெரிய குடியிருப்பைத் திறந்தது. நல்ல விஷயம். கூரை வந்துவிட்டது. தட்டில் என்ன வருகிறது என்பதை யார் பார்ப்பது?

நார்ச்சத்துதான் பிரச்னை என்றால் அதற்கும் கணக்குப் போடலாம். பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும், அதுவும் உணவிலேயே இயல்பாக இருப்பது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஆறு கேப்சூலில் மூன்று கிராம். விலை 145 ரூபாய். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் முழுக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம் நார்ச்சத்து, பச்சைப்பயறில் 17. ஒரு சின்னக் கிண்ணம் சுண்டலுக்கு 30 கிராம் கடலை போதும். அதில் ஏழு கிராமுக்கு மேல் நார். கூடவே புரதம். நம் ஊர்க் கோயிலில் சும்மா கொடுக்கிறார்கள்.

ஆனால் "சுண்டல் சாப்பிடும்மா" என்று அவளிடம் உபதேசம் பண்ணிவிட்டு நான் எழுந்து போனால், நானும் அந்த டைமண்ட் மாதிரிதான். ஹாஸ்டலில் அடுப்பு வைக்கக் கூடாது. கெட்டில்கூடத் தடை. அவள் எங்கே சுண்டல் வேகவைப்பாள்? வேகவைக்க வேண்டியது கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் கட்டாயம் என்றது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு, கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 100 பேர் என்று இறக்கியிருக்கிறது. அந்த கேன்டீனில் ராத்திரி ஷிஃப்டுக்கு உருளைக்கிழங்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கீரையும் வைக்க எந்த வெளிநாட்டுத் தொழில்நுட்பமும் தேவையில்லை. கேட்காமல் பாத்ரூம் போக அனுமதிப்பதற்கு முதலீடே தேவையில்லை.

15,000 சம்பளத்துக்கு அவளிடம் 112 ரூபாய் 50 காசு, முதலாளியிடம் 487 ரூபாய் 50 காசு, ஆக மாதம் 600 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் போகிறது. கொலஸ்ட்ராலா, தைராய்டா, மாதவிலக்குத் தாமதத்தோடு வரும் எடையா என்று பார்த்துச் சொல்ல டாக்டர் அங்கே இருக்கிறார். காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. லீவுதான் கிடைப்பதில்லை. டாக்டரைப் பார்க்க அரை நாள் விடாத சூப்பர்வைசர் இருக்கும் வரை, ஹாஸ்டல் வாசலுக்கே பாட்டிலோடு வருகிற அண்ணாக்கள் ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள்.

உடம்பு கெட்டது வேலை நேரத்தால். பழி விழுவது "வாயைக் கட்டத் தெரியாத" பெண் மேல். அதற்கு அபராதம் மாதம் 1,450. அபராதத்தை வசூலிக்கும் வேலையும் அவளுக்கே, ரூம்மேட்களிடமிருந்து, கமிஷன் அடிப்படையில்! இப்படி ஒரு கணக்குப் புத்தகத்தை என் படிப்பில் நான் பார்த்ததில்லை.

*

"எனக்குக் கீழ ரெண்டு பேரைச் சேர்த்துட்டேன் சார். அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றாள் கடைசியாக.

முழிக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டு முழிக்கலாம். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. சேர்ந்த பிறகு மனசு மாறினால் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசம் கொடுக்க வேண்டும் என்கின்றன. அவளுக்கு அது தாண்டிவிட்டது. போன மாதம் சேர்ந்த ரூம்மேட்களுக்கு இன்னும் இருக்கலாம். ஒப்பந்தத் தாளைத் தேடி எடுக்கச் சொன்னேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ எழுதிக் கொடுத்தேன்.

நீங்களும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு மண்டபத்தில் உட்கார நேரலாம். டம்ளர் வித்தை முடிந்து கைதட்டல் அடங்கியதும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"சார், இது மருந்தா, சாப்பாடா?"

மருந்து என்றால், சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மாய மருந்துத் தடைச் சட்டம் தடுக்கிறது. வாயால் அறிவிப்பதும் அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான். சாப்பாடு என்றால், இல்லாத குணத்தைச் சொல்லி விற்பதற்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. மேடையில் மருந்தாகவும் இன்ஸ்பெக்டர் முன்னால் சாப்பாடாகவும் இருக்கிற வரைதான் அந்தப் பாட்டிலுக்குப் பிழைப்பு.

பதிலை அவர் சொல்லும்போது மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள்.